படிவுப் பாறையின் காந்தம் காலத்தை எப்படிக் காட்டுகிறது?

குதிரைமொழித் தேரி எனும் செம்மணல் மேட்டின் மணலில் காந்தத்தை இழுத்தால் ஒட்டும் கரும்பொடியைப் போன்ற துகள்களைக் கொண்டே பாறையடுக்குகளின் வயதைக் கணிக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், ஆனால் வயதைச் சொல்வது பொடியின் அளவன்று, அது நோக்கி நிற்கும் திசை.

ஏரியிலோ கடலிலோ வண்டல் படியும்போது அதிலுள்ள நுண்ணிய மேக்னடைட் (காந்தத்தன்மை கொண்ட இரும்புக் கனிமம்) துகள்கள் அக்காலத்துப் புவிக்காந்தப் புலத்தின் திசையில் திரும்பி அமர்கின்றன. மேலே சேறு ஏறி இறுகிக் கல்லாகும்போது அத்திசை நிலைத்துவிடுகிறது. அப்புலமோ, வட தென் காந்த முனைகள் இடம் மாறும்படி, பலமுறை தலைகீழாகப் புரண்டிருக்கிறது; கடைசிப் புரள்வு சுமார் 7,73,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. அடுக்கடுக்காக மாதிரி எடுத்து, பிற்காலத்தில் ஏறிய காந்தத்தைச் சூடேற்றி நீக்கிவிட்டு அளந்தால், நேர், தலைகீழ் என மாறி மாறி வரும் பட்டைவரிசை கிடைக்கும். அதை, எரிமலைப் பாறைகளின் கதிரியக்கக் காலக்கணிப்பைத் துணைகொண்டு வகுத்த உலக அட்டவணையோடு பொருத்துகிறார்கள். சிக்கல் என்னவெனில், ஒரு பட்டையை இன்னொன்றிலிருந்து பிரித்தறியத் தனி அடையாளம் கிடையாது. புதைபடிவமோ எரிமலைச் சாம்பல் அடுக்கோ ஒரு பிடி கொடுத்தாலன்றி, வரிசையைத் தவறான இடத்தில் பொருத்திவிட நேரும்.

நம் பகுதிக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. புவிக்காந்தப் புலம் தரைக்குக் கிடையாக இருக்கும் கோடான காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே செல்வதால் (கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்ததும் இதையொட்டியே) இங்கு இன்று படியும் துகள்கள் ஏறக்குறையக் கிடையாகவே அமரும். எனவே துகள்கள் மேலோ கீழோ சாய்ந்திருக்கும் கோணம் நேர், தலைகீழ் என்று பிரித்தறிய உதவாது. முனை வடக்கை நோக்குகிறதா தெற்கையா என்பதே சான்று. தேரியோ காற்று குவித்த, மிக இளைய மணல். அதில் புரள்வு எதுவும் பதிந்திராது.