எஞ்சின் சூடேறமுன் வீடு வந்துவிடுகிறது

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் இணுவிலில் மச்சான் வீட்டு விறாந்தையில் இருந்தேன். நீங்கள் ரொறன்ரோ ஸ்காபரோவில் பனி வழித்துக்கொண்டிருக்க, நான் இங்கே சாரத்தோடு பிளேன்ரீ குடித்தபடி பதில் எழுதுவது கொஞ்சம் அநியாயம்தான். நீங்கள் கேட்டது இது: செப்டெம்பரில் குடும்பத்தோடு வந்தீர்கள், பழைய எஸ்யூவி ஒன்று வாங்கினீர்கள். 100 கிலோமீற்றருக்கு 8.4 லீற்றர் என்று அதற்குக் கணக்கு. ஜனவரியில் திரையில் 13 காட்டுகிறது. ஊரில் உங்கள் வகன் ஆர் கார் லீற்றருக்கு 18 கிலோமீற்றர் ஓடியது. கராஜ்காரர் எஞ்சினுக்குள் பெற்றோலைத் தூவும் இன்ஜெக்டரைக் கழுவ வேண்டும் என்கிறார். கழுவட்டா?

வேண்டாம். இப்போதைக்குக் காசு பையிலேயே இருக்கட்டும்.

முதலில் அந்த எண்ணைப் பழகிக்கொள்ளுங்கள். ஊரில் லீற்றருக்கு எத்தனை ஓடுது என்று கேட்போம், எண் கூடினால் நல்லது. கனடாவில் 100 கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்பார்கள், எண் குறைந்தால் நல்லது. 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் எங்கள் கணக்கு வந்துவிடும். 8.4 என்றால் லீற்றருக்குக் கிட்டத்தட்ட 12. உங்கள் 13 என்றால் எட்டுக்கும் கீழே. வகன் ஆரை இதற்குள் இழுக்காதீர்கள். அது 660 சிசி எஞ்சின், எடையும் உங்கள் எஸ்யூவியில் பாதி. அது ஓடிய இடமும் யாழ்ப்பாணம். ஏற்றம் என்று சொல்ல இங்கே ஒரு பாலம் வந்தால்தான் உண்டு, வருடம் முழுக்க எஞ்சினுக்கு வெக்கை இலவசம்.

8.4 என்பதும் பொய் இல்லை. அது ஆய்வுகூடத்தில் காரை உருளைகளின் மேல் ஓடவிட்டு எடுத்த எண். 2015 மொடலிலிருந்து கனடாவில் ஐந்து விதமாகச் சோதிக்கிறார்கள், அதில் ஒன்று பூச்சியத்துக்குக் கீழே 7 பாகைக் குளிரில். கடைசியில் நகர ஓட்டம் 55 சதவீதம், நெடுஞ்சாலை 45 சதவீதம் என்று கலந்து ஒரே எண்ணாக்குவார்கள். உங்கள் நாளில் அந்த 45 எங்கே இருக்கிறது? நீங்கள் எழுதியபடி காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட 2 கிலோமீற்றர், மனைவியை வேலைக்கு விட 4, பிறகு கடை, மாலையில் அதே சுற்று. ஒரு நாளைக்கு 25 கிலோமீற்றர், அதுவும் ஏழெட்டுத் துண்டாக. எஞ்சின் சூடேறமுன் வீடு வந்துவிடுகிறது. உங்கள் கோளாறு அதுதான்.

குளிர்ந்த எஞ்சின் ஏன் கூடக் குடிக்கிறது என்பதை நான் படித்தது கனடாவில் இல்லை, இந்த ஒழுங்கையில்தான். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்காத காலம். பெரியப்பாவிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. சின்னப் போத்தலில் பெற்றோலை உயிரைப்போல வைத்திருப்பார். அதில் கொஞ்சத்தை, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேற்றருக்குள் விட்டுத்தான் ஸ்ராட் பண்ணுவார். எஞ்சின் சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அவசரப்பட்டு மாற்றினால் கார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிடும், பின்னால் வெள்ளைப் புகை. மண்ணெண்ணெய் ஆவியாகச் சூடு வேண்டும், ஆவியாகாத எண்ணெய் எரியாது. பெற்றோலும் கடுங்குளிரில் அதே பிள்ளைதான், குணம் கொஞ்சம் மென்மை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் கொம்பியூட்டர் வேண்டுமென்றே கூடுதல் பெற்றோலை உள்ளே விடும், ஆவியாகும் பங்கு போதட்டும் என்று. போதாததற்கு எஞ்சின் ஒயில், கியர்பெட்டி ஒயில் எல்லாம் பாணிபோல் இறுகிக் கிடக்கும். 25 பாகை வெயிலோடு ஒப்பிட்டால், பூச்சியத்துக்குக் கீழே 7 பாகையில் நகரத்துக்குள் ஒரு கார் லீற்றருக்கு ஓடும் தூரம் 15 சதவீதம் அளவு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் கணக்கு. ஐந்தாறு கிலோமீற்றர்த் துண்டு ஓட்டங்கள் மட்டும் என்றால் 24 சதவீதம் வரை போகலாம்.

இனி நீங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன்: 'காலையும் மாலையும் ரிமோட்டால் கால் மணித்தியாலம் ஸ்ராட்டில் விட்டு ஹீற்றர் போட்டுத்தான் ஏறுவோம்.' தம்பி, முழு வழக்கும் அந்த வரிக்குள் இருக்கிறது. மூன்று லீற்றர் எஞ்சின் பத்து நிமிடம் நின்றபடி ஓடினால் 300 மில்லிலீற்றர் அளவு போகும் என்பார்கள், ஒரு சின்னச் சோடாப் போத்தல் அளவு. உங்களுடையது சிறிய எஞ்சின், 250 என்றே வைப்போம். ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் என்றால் முக்கால் லீற்றர். அதில் சில்லு ஓர் அடி உருளவில்லை. 25 கிலோமீற்றருக்கு முக்கால் லீற்றர் என்றால் நூறுக்கு 3 லீற்றர். 8.4ஓடு 3, அதுவே 11.4. மீதியைக் குளிர் எடுத்துக்கொள்கிறது. இன்ஜெக்டர் பாவம், அது என்ன செய்தது?

நின்று ஓடும் எஞ்சின் சூடேறவும் கனநேரம் எடுக்கும். கண்ணாடியில் பனியைச் சுரண்டும் நேரம், ஒன்றிரண்டு நிமிடம் போதும். பிறகு முதல் சில கிலோமீற்றரை மிதிக்காமல் ஓடுங்கள், அப்போதுதான் எஞ்சினோடு சேர்ந்து கியர்பெட்டியும் ரயரும் சூடாகும். ரொறன்ரோவில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் காரைச் சும்மா ஓடவிடுவது நகரச் சட்டப்படி குற்றம் என்பதையும் காதில் போட்டுவைக்கிறேன். பிள்ளைக்குக் குளிருமே என்று மனைவி சொல்லுவா. சரி, அந்த வழக்கில் நான் தலையிடவில்லை. ஆனால் கடைக்கும் பாமசிக்கும் தனித்தனியாகப் போகாமல் ஒரே சூட்டில் சுற்றி வந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கராஜ் விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. நான் வந்து இரண்டாவது மாரி, என்னுடைய பழைய காரும் இப்படித்தான் குடித்தது. ஒரு கராஜில் பிளக் மாற்றி, இன்ஜெக்டர் கழுவி, 180 டொலர் வாங்கினார்கள். அந்தக் காலத்து 180. எண் அசையவில்லை. மே மாதம் தானாகவே இறங்கியது. பூ பூத்தது, காரும் திருந்தியது.

ரயர் காற்றைப் பார்த்தீர்களா? ஐந்தாறு பாகை குளிர ஒரு பிஎஸ்ஐ இறங்கும், காற்றழுத்தத்தை அளக்கும் அலகு அது. செப்டெம்பர் வெயிலில் அடித்த காற்று ஜனவரியில் ஆறேழு பிஎஸ்ஐ குறைந்திருக்கும். எட்டுக் குறைந்தால் எரிபொருள் 4 சதவீதம் வரை கூடும், ரயரும் ஓரத்தில் தேயும். சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைப் பாருங்கள், ரயரில் பொறித்திருப்பது உச்ச அளவு. ஓடமுன், குளிராக இருக்கும்போதே அளக்க வேண்டும். முந்திய சொந்தக்காரர் விட்டுப்போன கூரைப் பெட்டியையும் கழற்றுங்கள். நெடுஞ்சாலையில் அது 10 சதவீதத்துக்கு மேலும் தின்னும், உள்ளே ஒரு சாமானும் இல்லாவிட்டாலும். 87க்குப் பதிலாக 91 ஒக்ரேன் பெற்றோல் அடித்தால் கூடத் தூரம் ஓடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். கையேட்டில் 87 போதும் என்றிருந்தால் 91 வீண்செலவு.

மொன்றியல் கலியாணங்களுக்குப் போகத் தொடங்கும்போது வேகக் கணக்கு வரும். 120இல் ஓடினால் 100இல் ஓடுவதைவிட 20 சதவீதம் அளவு கூடச் செலவாகும். போகும் 540 கிலோமீற்றரில் ஒரு மணித்தியாலம் மிச்சம், ஏழெட்டு லீற்றர் நட்டம், பொலிஸ் பிடித்தால் தனிக்கணக்கு. நான் 105இல் வைத்துக்கொண்டு போவேன். தாலி கட்டிய பிறகு போய்ச் சேர்ந்த கலியாணமும் ஒன்று உண்டு, வீட்டில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

திரையில் வரும் எண்ணை முழுதாக நம்பாதீர்கள், அது கொஞ்சம் குறைத்தும் காட்டும். ராங்கை நிரப்பி, பம்ப் தானாக நின்றதும் நிறுத்தி, கிலோமீற்றரைக் குறியுங்கள். அடுத்த முறை நிரப்பிய லீற்றரை ஓடிய தூரத்தால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். ரிமோட் பழக்கத்தை விட்டு இரண்டு ராங்க் இப்படிப் பாருங்கள். 10, 11க்கு இறங்கினால் பேசாமல் வசந்தம் வரும்வரை ஓடுங்கள். இறங்காவிட்டால் வெப்பமானி முள்ளைக் கவனியுங்கள். 20 நிமிடம் ஓடியும் முள் நடுவுக்கு வராமல், ஹீற்றரும் வெதுவெதுப்பாகவே இருந்தால் எஞ்சின் சூடேறும்வரை குளிர்நீரை மறித்து வைக்கும் தேர்மோஸ்ரற் திறந்தபடி இறுகிவிட்டது என்று சந்தேகிக்கலாம், அப்போது கராஜுக்குப் போங்கள். ஓடி நிறுத்தியதும் ஒரு சில்லுப் பக்கம் மட்டும் அனல் அடித்தால், வீதிக்குப் போடும் உப்பில் துருப்பிடித்து பிரேக் பிடித்தபடி நிற்கக்கூடும், அதையும் காட்டுங்கள். இன்ஜெக்டர் கதையை மறுபடி எடுத்தால், எந்தச் சோதனையில் அப்படி வந்தது என்று தாளில் எழுதித் தரக் கேளுங்கள்.