உண்ணி ஒளிந்திருப்பது சுவரில்

சென்னை வாசகர்களின் நாய் வளர்ப்புக் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்கள் தரும் பதில்கள்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு மாதாமாதம் பிடரியில் உண்ணி மருந்து விடுகிறோம். ஞாயிறுதோறும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுகிறோம். இரண்டே நாளில் காதுக்குள் மறுபடி உண்ணி! மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார்கள். தடவலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும். நாய் அதை நக்கினால் நுரையீரல் வரை கெடும்.

கோளாறு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதலாவது, ஷாம்பு. பிடரியில் விடும் மருந்து தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்துதான் உடம்பெல்லாம் பரவும். குளித்த கையோடு விட்டால் அந்தப் பசை இருக்காது. விட்ட மறுநாளே குளிப்பாட்டினால் மருந்து போய்விடும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் குளியல் கூடாது. முடியைப் பிரித்துத் தோலில் விடுங்கள். முடியின்மேல் விட்டது வீண். முப்பது கிலோ நாய்க்குப் பத்து கிலோ அளவு மருந்து போதாது. எடை பார்த்து வாங்குங்கள். வாராவாரம் குளிப்பாட்டித்தான் ஆக வேண்டுமென்றால், உள்ளுக்குக் கொடுக்கும் உண்ணி மாத்திரை சரிப்படுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். குளியலால் அதற்குப் பாதிப்பில்லை.

இரண்டாவது, வீடு. நம் ஊர் நாய் உண்ணி ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் உப்பியதும் தானாக உதிர்ந்துவிடும். பிறகு சுவரேறி, கதவு நிலையின் இடுக்கிலோ ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின்மேல் பத்து உண்ணி தெரிகிறது என்றால் சுவரில் அதைப் போலப் பல மடங்கு காத்திருக்கிறது. பெரியவை பட்டினியாகவே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் விரிசல்களை ஒயிட் சிமென்ட்டால் அடையுங்கள். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் துவையுங்கள். கட்டில், சோபாவுக்கு அடியிலும் சுவரோரத்திலும் வேக்கூம் போட்டு, பையை அன்றே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் மருந்து. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் அடுத்தடுத்துப் பொரிப்பவையும் ஒழியும்.

தினமும் ராத்திரி ஐந்து நிமிடம் விரலால் தடவிப் பாருங்கள்: காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், கால்விரல் இடுக்கு, வாலடி. கடுகளவு மேடு தட்டுப்பட்டாலும் முடியை விலக்கிப் பாருங்கள். பிளக்கரால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்காதீர்கள். நாய் சோர்ந்து சாப்பிடாமல் படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அன்றாடம் ஈறைப் பார்த்துப் பழகியவர்களுக்கே அது வெளுத்தது தெரியும்.

கேள்வி: மே மாதத்தில் காலை எட்டரைக்கு எங்கள் பக் நாயை வாக்கிங் கூட்டிப் போகலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: கூடாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் நாக்கின் ஈரம் லேசில் உலராது. மூக்கு சப்பையான பக்குக்கு இரட்டைக் கஷ்டம். விடிகாலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் போய் வந்துவிடுங்கள், அதுவும் பதினைந்து நிமிடம் போதும். சாயங்காலம் வெயில் இறங்கினாலும் தார் ரோடு சூட்டை விடாது. புறங்கையை ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் பிசினாக ஒழுகி, கால் தள்ளாடினால் வெயில் தாக்கிவிட்டது. நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி ஃபேன் போடுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள். அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் குளிர்விப்பது, பிறகு ஆஸ்பத்திரி. வழியிலும் ஏசியோ திறந்த ஜன்னலோ இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் நாய்க்கு மூன்று வேளையும் தயிர் சாதம்தான். போதுமா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: வயிறு நிறையும், சத்து சேராது. புரதம், துத்தநாகம், சில வைட்டமின்கள் குறைந்து முடி கொட்டும், தோல் உரியும். முழுச் சத்துணவு என்று குறிப்பிட்டு விற்கும் சைவ நாய் உணவுகள் இருக்கின்றன. அதை முக்கிய உணவாக்கி, தயிர் சாதத்தை இரண்டு கரண்டியோடு நிறுத்துங்கள். முட்டை கொடுக்க மனம் ஒப்பினால் வேகவைத்து ஒன்று கொடுக்கலாம். சாம்பார், ரசம் ஊற்றாதீர்கள்: வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். பண்டிகை நாளில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

எடை சரியா என்று பார்க்க விலாவைத் தடவுங்கள். அழுத்தாமலே எலும்பு விரலில் பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் தேங்குகிறது. நாய்க்கு என்ன ஆபத்து?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து வரும், நாயிடமிருந்து உங்களுக்கும் தொற்றும். ஆண்டுக்கொரு முறை போடும் தடுப்பூசியில் லெப்டோ (எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு) இருக்கிறதா என்று கேட்டு, மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெளியே போய் வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்குவரை ஈரம் போகத் துடையுங்கள். சாப்பிட்ட தட்டை ராத்திரி தரையில் விடாதீர்கள். எலி அதற்குத்தான் வரும்.

கேள்வி: மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சலா? பாரசிட்டமால் கொடுக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: தூங்கி எழுந்த நாய்க்கும் மூக்கு காய்ந்திருக்கும். நாய்க்கென்று தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்திப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் போங்கள். பாரசிட்டமால் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும், ஐபுப்ரூஃபன் இரைப்பையைப் புண்ணாக்கும். இரண்டையும் கொடுக்காதீர்கள், அரை மாத்திரைகூட.