வாசலை அடைக்கும் முன் கழிப்பறையை அடைத்துவிடுங்கள்

வயதான அம்மாவோடு தரைத்தளத்தில் இருக்கிறீர்கள், போன குளிர்கால மழையில் கழிப்பறை வழியாகத்தான் தண்ணீர் பொங்கியது, இந்த முறை வாசலில் மணல் மூட்டை அடுக்கினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. தெருச் சாக்கடைக் குழாய் நிரம்பிவிட்டால் கழிவுநீர் திரும்பி, வீட்டில் இருப்பதிலேயே தாழ்வான திறப்பு வழியாக ஏறும். இப்போதே பிளம்பரை அழைத்து, வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போட முடியுமா என்று கேளுங்கள். அதற்கு நேரமில்லை என்றால், தடித்த பிளாஸ்டிக் பையில் மணலைக் கட்டிக் கழிப்பறைக் கோப்பைக்குள் அழுத்தி வையுங்கள். குளியலறைத் தரை வடிகாலுக்கும் அதே வழிதான்.

வாசல் மூட்டைகளை முழுக்க நிரப்ப வேண்டாம். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் மிதிக்கும்போது படிந்து இடைவெளி மூடும்.

அப்புறம், அம்மா. எனக்கு அதுதான் பெரிய கவலை. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். எச்சரிக்கை வந்ததும், வெளிச்சம் இருக்கும்போதே அவரை மேடான இடத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மாத்திரையும் மருந்துச் சீட்டும் அவர் கையிலேயே இருக்கட்டும். மெயின் சுவிட்சைத் தண்ணீர் உள்ளே வருவதற்கு முன்பே அணையுங்கள். ஈரத்தில் நின்றுகொண்டு அதைத் தொடவே தொடாதீர்கள்.