அலமாரி அரபுச் சொல்லா?

கேள்வி: புதிதாகச் செய்து வந்த மர அலமாரியைத் தச்சர் இந்தியில் ‘அல்மாரி’ என்றார், பக்கத்து வீட்டு மராத்தி மாமி ‘கபாட்’ என்கிறார். ‘அல்’ என்று தொடங்குவதால் அலமாரி அரபுச் சொல்லே என்று என் கணவர் சாதிக்கிறார். உண்மையா?
– ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: தங்கள் கணவரின் ஐயம் நியாயமானதே, ஆனால் முடிவு சரியில்லை. அலமாரி நமக்குப் போர்த்துக்கீசியர் தந்த சொல். அவர்களுக்கு அது லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘அர்மா’ என்றால் கருவிகள், படைக்கலங்கள். அவற்றை வைக்கும் இடம் ‘அர்மாரியும்’. ரோமானியர் காலத்திலேயே அதில் துணிமணியும் பணமும் நூற்சுருள்களும் குடியேறிவிட்டன; இடைக்காலக் கிறிஸ்தவ மடங்களிலோ ஏடுகளை வைத்துப் பூட்டும் பேழைக்கே அந்தப் பெயர் வழங்கியது.

போர்த்துக்கீசியத்தில் அது ‘அர்மாரியு’ ஆயிற்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. மக்கள் நாவில் தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்து வந்த லத்தீன் சொற்களில் ‘ஆரியுஸ்’ என்னும் ஈறு ‘எய்ரு’ என்று மாறிவிடும். ‘ஜனுவாரியுஸ்’ என்ற மாதப் பெயர் ‘ஜனெய்ரு’ ஆனது அப்படித்தான் (ரியோ டி ஜனீரோ நகரின் பெயரில் இருப்பது அந்த ஜனவரியே). ‘அர்மாரியு’ அவ்வாறு தேயாமல் நிற்பதால், அது ஏட்டு லத்தீனிலிருந்து கடனாகப் பெற்ற சொல் என்று கொள்ளலாம்.

அப்படியானால் ‘அல்’ எங்கிருந்து வந்தது? ஒரே சொல்லில் இரண்டு ரகரம் நெருங்கி வந்தால் நாக்கு ஒன்றை லகரமாக்கிக்கொள்ளும். ‘அல்மாரியு’ என்ற பழைய வடிவம் அப்படிப் பிறந்தது. தலையணைக்கு ‘அல்மொஃபாதா’ என அரபுவழிச் சொற்கள் பல அம்மொழியில் இருப்பதால், இந்த ‘அல்’லும் அங்கே உறுத்தியிராது. நாம் நடுவில் ஓர் உயிரைச் சேர்த்து ‘அலமாரி’ என்றோம். மரப்பெட்டிக்கு மட்டுமின்றி, சுவரைக் குடைந்து பலகை பதித்த மாடத்துக்கும் அதே பெயரைக் கொடுத்தோம்.

‘கபாட்’ வேறு குடும்பம். 1534இல் வசாயும் மும்பைத் தீவுகளும் போர்த்துக்கீசியர் கைக்குப் போயும், இவ்வூர் மராத்தியரின் வீட்டுப் பேச்சில் வடமொழிக் ‘கபாடம்’ நிலைத்திருப்பது எனக்கு வியப்புத்தான். தமிழில் கபாடம் என்றால் கதவு. மராத்தியில் கதவின் பெயர் பெட்டி முழுவதற்கும் ஆகிவிட்டது.