இரைச்சல்ல விலை பேசலாமா?

கேள்வி: மாந்தோப்பு வச்சிருக்கேன் சார், பெங்களூரா ரக மாங்காய். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல நிக்கறப்ப கூழ் கம்பெனிக்கு காய் எடுக்கற வியாபாரி போன் பண்ணாரு, ஒரே ஹாரன் சத்தம், டன்னு இருபத்தாறாயிரம்னேன், சரின்னாரு. இப்ப லோடு ஏத்தற நேரத்துல பதினாறுன்னுதானே பேசினோம்ங்கறாரு. என்ன பண்றது?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: முதல்ல லோடு ஏத்தாதீங்க. காய் தோப்பை விட்டு போயிட்டா அப்புறம் அவரு வச்சதுதான் விலை. போன்ல வாயால பேசினாலும் ஒப்பந்தம் செல்லும், அதுல சந்தேகம் வேணாம், ஆனா 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 13-வது பிரிவுல ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்துல ஒத்துக்கிட்டாதான் சம்மதம்னு இருக்கு, நீங்க ஒரு விலைய நெனச்சு அவரு வேற விலைய நெனச்சிருந்தா அங்க பேரமே முடியல. நெஜமாவே காதுல தப்பா விழுந்துச்சா, இல்ல ரேட்டு இறங்கினதும் காது மந்தமாச்சாங்கறது அவருக்குத்தான் வெளிச்சம். கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்கறதுக்குள்ள காய் அழுகிடும், அதனால இன்னைக்கே நேர்ல உக்காந்து புதுசா பேசுங்க, பேசின கையோட ரேட்டு, எடை போடற எடம், எடையில எவ்வளவு கழிவு, பணம் தர்ற தேதி எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல தட்டி விடுங்க, அவரு ஓகே போடற வரைக்கும் வண்டில ஏத்த விடாதீங்க. மாட்டுச் சந்தையில தரகருங்க துண்டுக்குள்ள விரலப் புடிச்சு விலை பேசறாங்கல்ல, அத்தனை கூச்சல்லயும் இருபத்தாறு பதினாறா மாறாது, பக்கத்துல நிக்கறவனுக்கும் தெரியாது. உங்களுக்கு இப்ப துண்டு வாட்ஸ்அப்தான்.

கேள்வி: மழை புடிச்சா போதும், பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளிய அடிமாட்டு விலைக்கு கேக்கறாங்க. அந்த நேரத்துல எப்படி பேரம் பேசறது?
– வாசகர், மாரண்டஹள்ளி

பதில்: பேச முடியாதுங்க, உண்மைய சொல்லணும்ல. புளின்னா கோல்டு ஸ்டோரேஜ்ல போட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு வீட்டுக்கு வந்துரலாம், தக்காளி காத்திருக்காதுன்னு மண்டிக்காரருக்கும் தெரியும். பேரம் பேசற எடம் மார்க்கெட் இல்ல, உங்க தோட்டம். மழை வரும்போல இருந்தா நல்லா பழுக்க விடாம செங்காயா பறிங்க, ரெண்டு மூணு நாள் கூட தாங்கும். வண்டில ஏத்தறதுக்கு முன்னாடியே ராயக்கோட்டை மார்க்கெட் ரேட்டையும் போன்ல கேட்டுக்கோங்க, ஏத்தினப்புறம் கேட்டா மனசு கெட்டுப் போறதோட சரி.

கேள்வி: கல்யாண மண்டபத்துல பந்தி முடிஞ்சதும் எங்க சித்தப்பா, அவரு பையனுக்கு என் கடைய வாடகைக்கு விடற பேச்ச சொந்தக்காரங்க முன்னாடி எடுக்கறாரு. மேளச் சத்தத்துல ஒண்ணும் புரியல, முடியாதுன்னும் சொல்ல முடியல.
– வாசகி, தர்மபுரி

பதில்: அவரு அங்க எடுத்ததே அதுக்குத்தானேம்மா. "வீட்ல கலந்துட்டு புதன்கிழமை சொல்றேன் சித்தப்பா"ன்னு சிரிச்சிட்டே சொல்லுங்க, நாள் சொல்லிட்டா தட்டிக் கழிக்கறீங்கன்னு யாரும் பேச முடியாது. அட்வான்ஸ்னு நூறு ரூபா நீட்டினாலும் அங்க வாங்கிடாதீங்க, அப்புறம் மண்டபம் மொத்தமும் அவருக்கு சாட்சி.