ஏடிபியைத் தடுக்கும் மாத்திரையால் உடம்பில் சக்தி குறையுமா?

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு பார்க்கும் உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்த பிறகு குளோபிடோக்ரெல் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அது ஏடிபியைத் தடுக்குமாம், அப்படியானால் சக்தி குறையாதா என்று கேட்கிறீர்கள். அதனால் குறையாது, பயப்பட வேண்டாம்.

தமிழில் எழுதும்போது அடினோசின் டைபாஸ்பேட் (ADP), செல்லுக்குச் சக்தி தரும் அடினோசின் ட்ரைபாஸ்பேட் (ATP) இரண்டின் சுருக்கமும் ‘ஏடிபி’ என்றே ஆகிவிடுவதால் குழப்பம் வருகிறது. செல்லுக்குள் அடினோசின் டைபாஸ்பேட் இன்னொரு பாஸ்பேட்டைச் சேர்த்துக்கொண்டு ட்ரைபாஸ்பேட் ஆகும். சக்தி செலவானதும் திரும்ப டைபாஸ்பேட். இந்தச் சுழற்சியை மாத்திரை தொடுவதில்லை.

மாத்திரையின் வேலை, ரத்தத்தை உறைய வைக்க உதவும் தட்டணுக்களில். மாங்காய் பறிக்கும்போது கையில் வெட்டுப்பட்டால், அங்கே முதலில் ஒட்டும் தட்டணுக்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் டைபாஸ்பேட்டை வெளியே கொட்டும். அது பக்கத்துத் தட்டணுக்களின் மேலுள்ள பி2ஒய்1, பி2ஒய்12 என்ற ஏற்பிகளில் (வேதிச் செய்தியை வாங்கும் இடங்களில்) உட்கார்ந்து அவற்றையும் ஒட்ட வைக்கும். காயத்துக்கு இது வரம். ஸ்டென்ட்டுக்குள் நடந்தால் மாரடைப்பு.

குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாற்றமடைந்து பி2ஒய்12-ஐ அடைத்துவிடும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். அது சாகும்வரை அடைப்பு நீங்காது. அதனால் சின்னக் கீறலிலும் ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசியும். தோப்பு வேலையில் அப்பாவைக் கையுறை போடச் சொல்லுங்கள். அப்புறம், பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.