பிரேசிலில் எந்தக் கதவைத் தட்டுவது?

பிரேசிலின் இலவச அரசு மருத்துவம் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: கணவருக்குச் சாவோ பாவ்லோவுக்கு மாற்றல். குழந்தைகளோடு போகிறோம். அங்கே வைத்தியம் எல்லாருக்கும் இலவசமாமே, வெளிநாட்டுக்காரர்களான எங்களுக்கும் உண்டா? (வாசகி, கோயம்புத்தூர்)

உண்டு. 1988-இல் வந்த பிரேசில் அரசியல் சாசனத்தின் 196-வது பிரிவு, உடல்நலம் எல்லாருக்கும் உரிமை, அரசுக்குக் கடமை என்கிறது. 'குடிமக்களுக்கு' என்று அதில் இல்லை. அந்த வரியிலிருந்து வந்ததுதான் 'சிஸ்தேமா ஊனிகு ஜி சவூஜி', அதாவது எல்லாருக்கும் பொதுவான ஒரே சுகாதார அமைப்பு. சுருக்கமாக 'சுஸ்'. அதற்கு முன்னால், முறையாகப் பதிவான வேலை உள்ளவருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான் அரசு வைத்தியம். மற்றவர்களுக்குத் தர்ம ஆஸ்பத்திரியே கதி.

குடியேறிய முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, உங்கள் தெருவுக்கு உரிய ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கண்டுபிடித்துப் பதிவு செய்வது. எடுத்துப்போக வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டை, 'சிபிஎஃப்' எனும் வரி எண், 'கொம்ப்ரொவான்சி ஜி ஹெசிதேன்சியா' எனும் முகவரிச் சான்று (கரண்ட் பில் போதும்). அங்கேயே 'கர்த்தாவ் சுஸ்' அட்டைக்கு 15 இலக்க எண் தருவார்கள். இப்போது அந்த இடத்துக்குச் சிபிஎஃப் எண்ணே வந்துகொண்டிருக்கிறது. அட்டை கையில் இல்லை என்று அவசர நோயாளியைத் திருப்பி அனுப்ப விதியில் இடமில்லை.

நம்மவர்கள் தடுக்கி விழுவது பெயரில்தான். பிரேசிலில் எந்தப் பதிவிலும் 'நோமி தா மாய்ன்?' என்று கேட்பார்கள். அம்மா பெயர் என்ன என்று பொருள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தால் அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். சிபிஎஃப் வாங்கும்போது இனிஷியலோடு ஒரு மாதிரியும், நிலையத்தில் முழுப்பெயராக இன்னொரு மாதிரியும் கொடுத்தால் கணினியில் நீங்கள் இரண்டு ஆள். தடுப்பூசி ஒருவர் கணக்கிலும், ஸ்கேன் இன்னொருவர் கணக்கிலும் ஏறும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

கேள்வி: காய்ச்சல் வந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாமா? யுபிஎஸ், யுபிஏ என்று குழப்புகிறார்களே! (வாசகர், சேலம்)

சுஸ்ஸில் இலவசம் சுலபமாகக் கிடைக்கும். எந்தக் கதவை எந்த வரிசையில் தட்டுவது என்பதில்தான் சூட்சுமம்.

முதல் கதவு 'ஊபெஎஸ்ஸி' (நீங்கள் சொல்லும் யுபிஎஸ்), அதாவது 'உனிதாஜி பாசிகா ஜி சவூஜி', மேலே சொன்ன ஆரம்ப சுகாதார நிலையம். யாரும் அப்படி நீட்டிச் சொல்வதில்லை. 'போஸ்து' என்பார்கள், செல்லமாக 'போஸ்சின்யு'. ரத்த அழுத்தம், சர்க்கரை, தடுப்பூசி, கர்ப்பப் பரிசோதனை, இரண்டு நாள் இருமல் எல்லாம் இங்கே. குடும்ப நலக் குழுவில் ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், நர்சிங் உதவியாளர், 'அஜெஞ்சி கொமுனிதாரியு' எனும் சுகாதாரப் பணியாளர்கள் இருப்பார்கள். ஒரு பணியாளர் பொறுப்பில் அதிகபட்சம் 750 பேர். அவர் அதே பகுதியில் குடியிருக்க வேண்டும் என்பது விதி. மாதம் ஒருமுறை வீட்டு வாசலுக்கு வந்து யாருக்கு மாத்திரை தீர்ந்தது, யார் கர்ப்பம் என்று குறித்துக்கொள்வார். 1987-இல் சேயாரா மாநிலத்தில் தொடங்கி, 1994-இல் நாடு தழுவிய குடும்ப நலத் திட்டமாக வளர்ந்த ஏற்பாடு இது. சுஸ்ஸில் உருப்படியாக வேலை செய்கிற பகுதி எது என்று கேட்டால், இந்த ஆளின் பை என்றே சொல்வேன்.

இரண்டாம் கதவு 'ஊபா' (யுபிஏ) எனும் அவசர சிகிச்சை நிலையம். 24 மணி நேரமும் திறந்திருக்கும். உள்ளே போனதும் நம்பர் சீட்டு ('சேஞ்ஞா'), பிறகு நர்ஸ் பிரஷர் பார்த்துக் கையில் வண்ணப்பட்டை கட்டுவார். சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. இது மான்செஸ்டர் முறை. சில ஊர்களில் வண்ணம் குறைவு. சாதாரணக் காய்ச்சலோடு போனவருக்குப் பச்சையோ நீலமோ விழும். உங்களுக்குப் பின்னால் வந்த நெஞ்சுவலிக்காரர் முன்னால் போவார், சண்டை போட்டுப் பயனில்லை. அதே காய்ச்சலுக்குக் காலை 7 மணிக்குப் போஸ்துவில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஊபாவில் 24 மணி நேரம் வரைதான் படுக்க வைப்பார்கள். அதற்குள் வீட்டுக்கோ, பெரிய ஆஸ்பத்திரிக்கோ அனுப்பியாக வேண்டும்.

மயக்கம், பக்கவாதம், விபத்து என்றால் 192. 'சமு' எனும் அரசு ஆம்புலன்ஸ் வரும். முதலில் எடுப்பவர் முகவரி கேட்பார், அடுத்து ஒரு டாக்டர் பேசுவார். டாக்டர் உள்ள வண்டியா, நர்சிங் உதவியாளர் மட்டும் உள்ள வண்டியா என்று தீர்மானிப்பவர் அவர்தான். அவர் கேட்கும்போது 'சீக்கிரம் வாங்க' என்று போனை வைத்துவிடாதீர்கள். மூச்சு இருக்கிறதா, பேசுகிறாரா என்பதற்குப் பதில் சொன்னால்தான் சரியான வண்டி கிளம்பும்.

கேள்வி: மொழி தெரியாமல் டாக்டரிடம் எப்படிச் சமாளிப்பது? (மாணவர், தூத்துக்குடி)

நீங்கள் நினைக்கிற அளவுக்கு அந்நிய மொழி இல்லை. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசு. நம்மூர் ஆஸ்பத்திரி வார்டில் கூப்பிடும் 'ஆயா'வும் அங்கிருந்து வந்தவர்தான். ஆனால் பிரேசில் ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் செல்லாது. அங்கே நர்ஸ் என்றால் 'என்ஃபெர்மேய்ரா'.

உடம்பு சரியில்லை என்றால் 'எஸ்தோ கோன்...' என்று தொடங்குங்கள். 'எஸ்தோ கோன் ஃபெப்ரி' காய்ச்சல். 'தோர்' என்றால் வலி: 'தோர் ஜி கபேசா' தலைவலி, 'தோர் ஜி பஹீகா' வயிற்றுவலி. 'ஃபல்தா ஜி ஆர்' மூச்சுத்திணறல். இதைச் சொன்னால் பட்டையின் நிறமே மாறக்கூடும், விளையாட்டுக்குச் சொல்லக்கூடாது. மலச்சிக்கலுக்கு 'ப்ரிசாவ் ஜி வென்ட்ரி', நேர்ப்பொருள் 'வயிற்றின் சிறை'. மருந்து 'ஹெமேஜியு', மருந்துச்சீட்டு 'ஹெசேய்தா', வெறும் வயிறு 'ஜெஜுன்'. 'சோரு' என்றால் சோறு அல்ல, கையில் ஏற்றும் சலைன்! தும்மினால் பக்கத்தில் இருப்பவர் 'சவூஜி!' என்பார். நம் காதுக்குச் 'சாவு' மாதிரி விழும். அவர் வாழ்த்துவது ஆரோக்கியம்.

காய்ச்சலுக்கு அங்கே பெரும்பாலும் 'ஜிபிரோனா' கொடுப்பார்கள். நம்மூரில் ஒருகாலத்தில் அனால்ஜின் என்று விற்ற அதே மருந்து. அது ஒத்துக்கொள்ளாதவர்கள் 'தெஞ்ஞு அலெர்ஜியா' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: முட்டி ஆபரேஷன், இதய டாக்டர் என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாமே? (வாசகர், மதுரை)

வேண்டியிருக்கும். போஸ்து டாக்டர் 'என்கமிஞமெந்து' எனும் பரிந்துரைக் கடிதம் எழுதாமல் சிறப்பு மருத்துவரைப் பார்க்க முடியாது. அந்தக் கடிதத்தைப் பல ஊர்களில் 'சிஸ்ரெக்' எனும் கணினி வரிசையில் ஏற்றுவார்கள். அதைப் படித்து முன்னுரிமை கொடுப்பது முகம் தெரியாத ஒரு டாக்டர். கடிதத்தில் 'முட்டிவலி' என்று மட்டும் இருந்தால் வரிசையின் கடைசி, அல்லது திரும்பி வரும். எத்தனை மாதமாக வலி, எக்ஸ்ரே என்ன சொல்கிறது, என்ன மாத்திரை சாப்பிட்டும் கேட்கவில்லை, மாடி ஏற முடிகிறதா என்பதெல்லாம் இருந்தால் நகரும். டாக்டர் எழுதும்போதே பக்கத்தில் இருந்து இவற்றைச் சொல்லுங்கள்.

இன்னொரு கோளாறு, போன் நம்பர். தேதி கிடைத்ததும் கூப்பிடுவார்கள். நம்பர் மாறியிருந்தால் ஆள் வரவில்லை என்று கணக்காகி, மறுபடி முதலிலிருந்து. சிம் மாற்றினால் அன்றே போஸ்துவில் சொல்ல வேண்டும்.

புற்றுநோய்க்கு மட்டும் சட்டம் நாள் குறித்திருக்கிறது. உறுதியானதிலிருந்து 60 நாளுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் (2012). சந்தேகம் எழுந்தால் பரிசோதனைகளை 30 நாளுக்குள் முடிக்க வேண்டும் (2019). இழுத்தடித்தால் 136-க்கு அழைத்து 'ஓவிதோரியா' எனும் புகார்ப் பிரிவில் புகார் பதிந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மருந்தும் இலவசமா? (வாசகி, திருச்சி)

போஸ்துவின் மருந்தகத்தில் இலவசம். அங்கே இல்லையென்றால் 'ஃபர்மாசியா பொபுலார்' பலகை தொங்கும் தனியார் கடை. 2025 பிப்ரவரியிலிருந்து அந்தத் திட்டப் பட்டியலில் உள்ள 41 பொருள்களும் இலவசம்: லோசார்தானா, மெத்ஃபோர்மின், இன்சுலின், ஆஸ்துமா பம்ப், கருத்தடை மாத்திரை, முதியோர் டயப்பர் வரை. தனியார் டாக்டர் எழுதிய சீட்டும் செல்லும். சீட்டு 180 நாள் செல்லும், கருத்தடைக்கு ஒரு வருடம். தேதியோ, முகவரியோ, டாக்டரின் பதிவு எண்ணோ விட்டுப்போயிருந்தால் கடைக்காரர் தரமாட்டார். அறையை விட்டு வெளியே வரும் முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் சீட்டுக்கு ஆயுள் 10 நாள்தான்.

கேள்வி: பிரசவம் அங்கே பார்க்கலாமா? (வாசகி, ஈரோடு)

தாராளமாக. எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்கள் உரிமை (2007 சட்டம்). வலி நேரத்திலும் பிரசவத்திலும் நீங்கள் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கலாம் (2005 சட்டம்).

குழந்தை பிறந்த பிறகு சொற்கள் எல்லாம் சின்னதாகிவிடும். பாதம் 'பே', குட்டிப் பாதம் 'பெசின்யு'. 3-லிருந்து 5-வது நாளுக்குள் குதிகாலில் குத்தி, வடிதாளில் சொட்டு ரத்தம் எடுப்பதற்கு 'தெஸ்சி து பெசின்யு' என்று பெயர். தைராய்டுக் குறைபாடு முதலான பிறவிக் கோளாறுகளை இதில் பிடிக்கலாம். காதுச் சோதனைக்கு 'ஒரெலின்யா', கண் சோதனைக்கு 'ஒலின்யு', இதயச் சோதனைக்கு 'கொரசாவ்சின்யு'. தடுப்பூசித் திட்டத்தின் சின்னம்கூட 'சே கொச்சின்யா', சொட்டு வடிவில் ஒரு பொம்மை.

கேள்வி: இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து? (வாசகர், சென்னை)

வரியிலிருந்து. நகராட்சிகள் தங்கள் வருவாயில் குறைந்தது 15 சதவீதமும், மாநிலங்கள் 12 சதவீதமும் இதற்கு ஒதுக்க வேண்டும், மீதி மத்திய அரசு. தனியார் காப்பீடு வைத்திருப்பவர் சுஸ்ஸில் ஆபரேஷன் செய்துகொண்டால் அந்தச் செலவைக் காப்பீட்டுக் கம்பெனியிடம் வசூலிக்கவும் 1998-லிருந்து சட்டம் உண்டு. அதனால் வரவேற்பில் 'சுஸ், கொன்வேனியு, பர்த்திகுலார்?' (சுஸ்ஸா, காப்பீடா, சொந்தப் பணமா?) என்று கேட்டால், காப்பீடு இருந்தாலும் 'சுஸ்' என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

கேள்வி: பிரேசிலிலிருந்து ஊருக்கு வரும்போது தடுப்பூசிச் சான்று கேட்கிறார்களாமே? (வாசகர், நாகர்கோவில்)

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு. நாம் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு. சான்று இல்லாமல் பிரேசிலிலிருந்து இந்தியாவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். போஸ்துவில் ஊசி இலவசம், 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். போஸ்து அட்டையை மட்டும் காட்டினால் போதாது. அதை வைத்து அரசு இணையதளத்தில் சர்வதேசச் சான்று எடுக்க வேண்டும், அதுவும் இலவசம். 2018 முகாம்களில் சிலருக்குக் குறைந்த அளவு ஊசி போட்டார்கள். அட்டையில் 'ஃப்ரசியோனாதா' (பகுதி அளவு) என்று இருந்தால் அதற்குச் சர்வதேசச் சான்று கிடைக்காது. டிக்கெட் போடும் முன்பே போஸ்துவில் சொல்லி முழு ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.